இரு மின்நிலையங்களுக்கு நடுவே

ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழும் காட்சியை நேயர்களுள் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள். அந்த நீர் நம் தருமபுரி மாவட்டத்தை வந்தடையுமுன் கருநாடக நாட்டுச் சிவசமுத்திரத்தில் விழுகின்றது. அங்கே அதன் ஒரு பகுதி மின்சாரத்தைப் பிறப்பித்துவிட்டே மீண்டும் ஆற்றோடு கலக்கின்றது. நம் எல்லையைக் கடந்தபின் மேட்டூரில் தேங்கி நின்று, அணையிலிருந்து இறங்கும்போது மறுபடியும் மின்சாரத்தைத் தருகின்றது. மேலை நிலையம் இயங்கத் தொடங்கிய ஆண்டு 1902. கீழை நிலையம் தொடங்கிய ஆண்டு 1937. இவ்விரண்டுக்கும் நடுவே வாழ்ந்த நம் சிற்றூர் மக்களுள் பலர் 1960-களிலும் சிமினி விளக்கின் புகையிலேயே இரவைக் கழித்தார்கள்.

இது ஏன் இவ்வாறு நேர்ந்தது? இக்கேள்வியை என்னிடம் முதன்முதற் கேட்டவர் கல்வி அதிகாரி அல்லர். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. "ஐயா, கம்பி எங்கள் கொல்லைக்கு மேலேதானே போகிறது? அதிலிருந்து ஒரு விளக்குக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டாள். அவள் வீட்டில் அன்று விளக்கு இல்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளை அறியவேண்டிய மின்னியலில் பெரும்பகுதி இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. விடை சொல்ல வேண்டுமானால் சிவசமுத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கோலார்த் தங்கச் சுரங்கங்களில் இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன்பு நீராவியே பயன்பட்டது. அதற்கு வேண்டிய எரிபொருளைத் தொலைவிலிருந்து கொணர்வதில் பெருஞ்செலவு ஆயிற்று. மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் கே. சேஷாத்திரி ஐயரும், கானடாவில் பிறந்த ஜோலி டி லாட்பினியேர் என்ற படைப்பொறியாளரும், காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டே அச்சுரங்கங்களை இயக்கலாம் எனத் துணிந்தனர். அருவிக்கும் சுரங்கத்துக்கும் இடைப்பட்ட தொலைவோ ஏறத்தாழ 92 மைல். இன்றைய கணக்கில் 147 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்குக் கம்பி வழியே மின்சாரம் செல்லுமா என்பதை அன்று உலகில் அறிந்தவர் மிகச் சிலரே. 1902-ஆம் ஆண்டு அது சென்றது. ஆனால் சேஷாத்திரி ஐயர் அதைக் காணவில்லை. 1901-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905-ஆம் ஆண்டில்தான். முதலில் தங்கத்துக்கு, பின்னர் நகரத்துக்கு என்ற இவ்வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அத்தங்கச் சுரங்கமும் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது.

இனி, கரும்பலகைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். சுரங்கத்துக்கு வேண்டியிருந்தது சுமார் 4,000 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று கொண்டால், மொத்தம் 30 இலட்சம் வாட் என்று முழு எண்ணாகச் சொல்லலாம். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் தொகை. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு அழுத்தத்திலேயே இதை அனுப்புவதானால் கம்பியில் 13,000 ஆம்பியர் ஓடவேண்டும். அத்தகைய கம்பி பனைமரத்தின் பருமன் இருந்தாலும் போதுமா என்பது ஐயமே. 30,000 வோல்ட்டில் அனுப்பினாலோ 100 ஆம்பியர் போதும். கம்பி தன் தடையினால் சூடேறி வீணாக்கும் திறன், ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் நூற்று முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே கம்பியில் வீணாவது ஏறத்தாழப் பதினேழாயிரத்தில் ஒரு பங்காகிவிடும்! மூன்று கம்பிகளில் மூவகைக் கட்டமாக மின்சாரம் செல்வதை இங்கே விட்டுவிட்டுக் கணக்கை எளிதாக்கியிருக்கிறேன், உண்மை மாறாது. சிவசமுத்திரத்தார் 30,000 வோல்ட்டுக்குக் குறையாத அழுத்தத்தைத் தேர்ந்ததன் காரணம் இதுவே.

அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் மின்மாற்றியின் வேலை. இரும்புச் சட்டத்தின் ஒருபுறம் சில சுற்றுக் கம்பி, மறுபுறம் பல சுற்றுக் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒன்றில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் இரும்பைக் காந்தமாக்குகிறது. மாறும் காந்தம் மற்றதில் மின்சாரத்தை எழுப்புகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட உண்மை இது. காந்தம் மாறாது நின்றால் ஒன்றும் நிகழாது. மின்கலத்தின் நேர்மின்னோட்டம் மின்மாற்றியில் பயன்படாததும் இதனாலேயே.

ஆகவே அம்மாணவிக்கு நான் சொன்ன விடை இது: "உன் கொல்லைக்கு மேலே செல்லும் கம்பி, ஊர்களைத் தாண்டிச் செல்லும் பேரழுத்தக் கம்பி. அதிலிருந்து உன் வீட்டு விளக்குக்கு எடுக்க வேண்டுமானால், இடையே துணைநிலையம் ஒன்று வேண்டும். அங்கே அழுத்தம் 11,000 வோல்ட்டாக இறங்க வேண்டும். பிறகு உன் ஊருக்கருகே ஒரு மின்மாற்றி அதை 230 ஆக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். சுரங்கத்துக்காரரும் ஆலைக்காரரும் அதைக் கொடுக்க வல்லவர். பத்து வீட்டுக்காரரால் இயலாது."

விடையின் முற்பாதி இயற்கையின் விதி. பிற்பாதி மனிதரின் ஏற்பாடு. இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டும் என்பதில் நான் எப்போதும் கண்டிப்பாக இருந்தேன். ஓம் என்பவர் 1827-இல் வகுத்த விதியை எவரும் மாற்ற முடியாது. எந்த ஊருக்கு முதலில் மின்மாற்றி வைப்பது என்பதை மாற்ற முடியும். பின்னர் மாற்றவும் பட்டது.

மேட்டூரின் கதைக்கு வருகிறேன். அணைவேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அது முதன்மையாகத் தஞ்சைப் பாசனத்துக்கென எழுந்த அணை. ஆகையால் பாசனத்துக்கு நீர் திறக்கும் மாதங்களில்தான் அணையடி நிலையம் நன்கு சுழலும். மதகு மூடினால் சக்கரமும் ஓய்ந்துவிடும். 1932-இல் நீலகிரியில் தொடங்கிய பைக்காரா நிலையத்தோடு மேட்டூரை இணைத்த காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒன்று ஓயும்போது மற்றொன்று தாங்கும். அக்கம்பக்கத்தில் கடலே இல்லாத மேட்டூரில் உப்புநீரை மின்சாரத்தாற் பகுத்துக் காரச்சோடா செய்யும் ஆலை எழுந்ததும் அந்த மின்சாரத்தின் கவர்ச்சியால்தான். உப்பு தொலைவிலிருந்து வரலாம், மின்சாரம் அருகில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அணையின் நீர் மேல்நோக்கிப் பரவியபோது பல சிற்றூர்கள் மூழ்கின. நீர் வற்றும் காலங்களில் பண்ணவாடியருகே பழைய சிவன் கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன. எதிர்க்கரையில் நம் பென்னாகரம் வட்டத்து நாகமரை. அங்கும் இங்கும் பரிசலில் போவர். நிலத்தை நீருக்குக் கொடுத்து மேட்டுக்கு ஏறிய குடும்பங்களின் வழியினர் சிலர் என் வகுப்பில் படித்தார்கள். நான் ஆசிரியப் பணியேற்ற 1984-ஆம் ஆண்டிலும் அவர்களுள் சிலருடைய வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே இருந்தது. தங்கள் பாட்டனார் உழுத நிலத்தின்மேல் நிற்கும் நீர்தான் அந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று அவர்களுக்குப் பாடம் சொல்வது எளிதாக இல்லை. ஆயினும் சொன்னேன். அவர்கள் அதை மற்றவர்களைவிட விரைவில் புரிந்துகொண்டார்கள்.

சக்கரம் சுழன்றால் மின்சாரம் எப்படிப் பிறக்கும் என்பதற்கு மேட்டூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தேவையில்லை. பழைய மிதிவண்டியின் டைனமோ போதும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றச் சொல்லுவேன். உள்ளே காந்தம் சுழல, அதைச் சூழ்ந்த கம்பிச்சுருளில் மின்சாரம் எழும். விளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டால் சக்கரம் இலேசாகச் சுழலும். இணைத்தால் கை கனக்கும். ஒளிக்குரிய விலையைக் கை கொடுக்கிறது என்று நான் சொல்லுமுன்பே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். கற்பிப்போருக்கு ஓர் எச்சரிக்கை: வகுப்பறைச் சோதனைகளுக்கு இதுவும் பேட்டரிக் கட்டையுமே உரியன, சுவரிலுள்ள துளைகளில் பிள்ளைகள் கை வைக்கலாகாது.

பேட்டரிக் கட்டை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. இம்மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். அக்காலத்தில் எங்கள் சிற்றூருக்குள் முதலில் நுழைந்த மின்கருவி விளக்கன்று, வானொலிப்பெட்டியே. முன்னாளைய வெற்றிடக் குழாய் வானொலிக்கு உள்ளிருக்கும் இழையைச் சூடேற்றவே மிகுந்த மின்சாரம் வேண்டும். கனத்த பேட்டரியைச் சுமந்து மாளாது. 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் இருவரும் ஜெர்மானியத் துண்டொன்றைக் கொண்டு டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். ஜெர்மானியம் செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடுவதுமில்லை, பீங்கானைப் போல அடியோடு தடுப்பதுமில்லை, இடைப்பட்ட குணமுடையது. அதில் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரு பெரு மின்னோட்டத்தை ஏவல்கொள்ளலாம். சிறு மதகைத் திருப்பிப் பெருவாய்க்காலை ஆள்வது போன்றது. சூடேற்ற வேண்டிய இழை ஏதும் இல்லை. ஆதலால் நான்கு பேட்டரிக் கட்டையில் பெட்டி பாடும். இவ்வகைப் படிகங்களின் இயல்பை நம்மவரும் முன்பே ஆராய்ந்திருந்தனர். கலீனாப் படிகத்தால் மின்னலைகளை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904-இலேயே அமெரிக்காவில் உரிமம் பெற்றார். நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1962-இல் ஜெர்மானிய உறுப்புகளைச் செய்யத் தொடங்கியது.

எங்கள் ஊரில் அத்தகைய பெட்டி 1968-இல் வந்தது. மாலையில் திண்ணையில் அதை வைத்துச் சுற்றிலும் அமர்ந்து செய்தி கேட்போம்; பேசுகிற பெட்டியின் முகப்பைப் பார்ப்பதற்குச் சிமினி விளக்கை அருகில் நகர்த்திக்கொள்வோம். கட்டைகள் ஓய்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். வெயிலின் வெப்பத்தால் உள்ளிருக்கும் வேதிவினை சற்றே விரைவுறும். அவ்வளவுதான், புதிய சக்தி ஏதும் சேர்வதில்லை. மின்கம்பம் எங்கள் தெருவுக்கு வந்தது 1971-ஆம் ஆண்டில். முதல் இணைப்பு பம்புசெட் ஒன்றுக்கு. தெருவிளக்குகள் அதற்கு எட்டு மாதம் கழித்து எரிந்தன.