கடைமடை வீட்டுக்குப் படம் வந்த கதை

காரைக்காலில் பிறந்தவனுக்குக் கடைமடை என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையைத் தாண்டி, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைசியில் எங்கள் பக்கம் வரும். மேலே இருப்பவன் மடையை அகலத் திறந்து வைத்தால் எங்களுக்கு வெறும் ஈரம்தான். அதே கணக்கை டிவி கேபிளிலும் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. மூலனூரில் பார்த்தேன்.

முதலில் பள்ளிக்கூடக் கதை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அறுபதுகளில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த பிரெஞ்சுக்கார வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையில் 405, 625, 819 என்று மூன்று எண்களை எழுதினார். முதலாவது இங்கிலாந்து டிவியின் கோடுகள். இரண்டாவது ஐரோப்பாவில் பல நாடுகள் எடுத்துக்கொண்டது. மூன்றாவது பிரான்சுடையது. 1948 நவம்பரில் அந்த 819 கோட்டு முறைக்கான ஆணையில் கையெழுத்திட்டவர், அப்போது தகவல் துறைப் பொறுப்பில் இருந்த பிரான்சுவா மித்தேரான். பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். இன்று நாம் எச்.டி. என்கிறோமே, அந்தப் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் அன்றைக்கே அதற்கு வைத்துவிட்டார்கள். "படம் தெளிவாக வேண்டுமென்றால் பாதை அகலமாக வேண்டும்" என்றார் வாத்தியார். டிவியே பார்த்திராத நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம்.

நான் முதலில் டிவி பார்த்தது காரைக்காலில், குமாஸ்தாவாக இருந்தபோது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிவிட்டது, ஆனால் எங்கள் ஊர் வரை எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும் நாகப்பட்டினம், காரைக்கால் கரையோரமெங்கும் மொட்டை மாடிகளில் இரும்புக் குழாய்கள் முளைத்தன. கடல் தாண்டி வந்த படம் காற்று மாறினால் போய்விடும். ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து "வந்திடுச்சு, வந்திடுச்சு, போச்சு!" என்று கத்துவோம்.

என் மனைவிக்கு மூலனூர். அவள் அண்ணன் என்னோடு வேலை பார்த்தவர், அப்படி வந்த சம்பந்தம். வருஷம் தவறாமல் மே மாத லீவுக்கு அங்கே போவோம். பருத்தியும் முருங்கையும் விளையும் வறண்ட பூமி. ஆரம்பத்தில் அங்கேயும் ஆன்டெனாதான், தெற்கே கொடைக்கானல் மலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஊருக்கு ஊர் டிஷ் முளைத்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்த பிறகு கேபிள் இல்லாத தெரு என்பதே குறைந்துபோனது. கருவேல மரத்திலும் மின்கம்பத்திலும் கறுப்பு வயர் தொங்கும்.

என் மாமியார் வீடு அந்தத் தெருவின் கடைசி வீடு. முதல் வீட்டில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அத்தை வீட்டில் பனி கொட்டும். "மாப்பிள்ளைங்க, இதுல ஆம்பளையா பொம்பளையான்னே தெரியலீங்களே" என்பார்கள். ஆனாலும் பார்ப்பார்கள். மாமா போன பிறகு வீட்டில் கேட்கும் ஒரே குரல் அதுதான்.

காரணம் கேபிள்காரத் தம்பி சொன்னார். ஒரு வயரை ஸ்பிளிட்டர் வைத்து இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு இழுக்கும் சாதாரணக் கேபிளில் 100 மீட்டர் ஓடினால், கீழ்வரிசைச் சேனல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். மேல்வரிசைச் சேனல்களில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடுவே ஆம்ப்ளிஃபயர் வைத்தால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். அதனால்தான் அத்தை வீட்டில் முதல் ஏழெட்டு சேனல் சுமாராகவும், அதற்கு மேலே வெறும் பனியாகவும் வந்தது. பணம் மட்டும் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒன்றுதான். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "பனி குறையுங்களா?" குறையவில்லை.

பனி போனது டிஜிட்டல் வந்த பிறகு. சட்டப்படி 2017 மார்ச் 31-க்குள் கிராமங்கள் வரை அனலாக் ஒழிய வேண்டும். அந்த வருஷம் செப்டம்பரில் அரசு கேபிள் விலையில்லா செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. ஒரு அனலாக் சேனல் ஓடிய அகலத்தில் இப்போது பத்துப் பன்னிரண்டு சேனல் ஓடும், எச்.டி. என்றால் நான்கைந்து. சிக்னல் ஒரு வரம்புக்கு மேலே இருந்துவிட்டால் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே படம். வரம்புக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து திரை கறுத்துவிடும். நடுவே பனி என்ற நிலையே கிடையாது. கடைமடைக்கு முதல் தடவையாக முழுத் தண்ணீர்!

ஆனால் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட். எதையாவது அழுத்திவிட்டால் நீலத் திரையில் இங்கிலீஷ் எழுத்து நிற்கும். யாராவது வந்து சரிசெய்யும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பனியில் குரலாவது கேட்டது. தெளிவு வந்த பிறகு அதுவும் போயிற்று.

ஓய்வு பெற்று அங்கேயே குடிவந்திருந்த நாங்கள் அத்தையை எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்து வந்தோம். முன்கட்டில் எங்கள் எச்.டி. பாக்ஸ். அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வைத்து இரண்டு டிவிக்குப் பிரித்தேன். எச்.டி.எம்.ஐ. வயர் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பகமாக ஓடாது. பின்கட்டு முப்பது மீட்டர். ஆகவே இரண்டு முனையிலும் சின்னப் பெட்டி வைத்து, நடுவே கம்ப்யூட்டருக்குப் போடும் நெட்வொர்க் கேபிள். அத்தை அறையில் ரிமோட்டே கிடையாது, சுவரில் ஒரு சுவிட்ச் மட்டும். போட்டால் படம்.

ஒரே பாக்ஸ் என்பதால் இரண்டு திரையிலும் ஒரே சேனல். அத்தைக்கு சீரியல் நேரம் வந்தால் எனக்கு நியூஸ் இல்லை. விளம்பரம் வந்ததும் பின்கட்டிலிருந்து குரல் வரும்: "மாப்பிள்ளைங்க, அந்தப் புள்ள அழுததப் பாத்தீங்களா?" "பார்த்தேன் அத்தை" என்பேன். அவர்கள் மறையும் வரை மூன்று வருஷம் இப்படியே போயிற்று. அந்தச் சீரியல் குடும்பத்தின் உறவுமுறை எனக்கு இன்றும் பாடம்.

பிரான்சில் 819 கோட்டு ஒளிபரப்பை 1983-ல் நிறுத்தினார்கள். பழைய பெட்டியோடு எந்த ஊரிலாவது ஒரு கிழவி இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. வாத்தியார் சொன்ன பாதை அகலம் இன்று ஃபைபராக வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. பழைய குமாஸ்தாவாக எனக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. அடுத்த மாற்றத்துக்கு நாள் குறிக்கும் முன், கடைசி வீட்டுப் பாட்டிக்கு எந்தப் பொத்தானை அழுத்தத் தெரியும் என்று கேட்டு வர ஓர் ஆளை அனுப்புங்கள். பயணப்படி பில்லை நானே எழுதித் தருகிறேன்.