மக்காச்சோள இலைக்கருகல் நோய்: மழையைவிடப் பனி ஆபத்தாவது ஏன்?

நெல், கோதுமைக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகம் விளையும் தானியம் மக்காச்சோளம். கோழித்தீவனம், ஸ்டார்ச் ஆகியவற்றுடன் அண்மைக் காலமாக எத்தனால் தயாரிப்புக்கும் இதன் தேவை பெருகி வருகிறது. கர்நாடகம் முதல் இமயமலைச் சரிவுகள் வரை இதன் மகசூலைக் குறைக்கும் நோய்களுள் முக்கியமானது டர்சிகம் இலைக்கருகல். 'எக்ஸரோஹைலம் டர்சிகம்' என்னும் பூஞ்சாணத்தால் உண்டாகும் இந்நோய், இந்தியாவில் 1907-ஆம் ஆண்டு பிகாரில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது.

இந்நோய் பரவக் கனமழை பெய்ய வேண்டும் என்பதில்லை. 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான வெப்பநிலையும், தொடர்ந்து 6 முதல் 18 மணி நேரம் ஈரமாக இருக்கும் இலையும் போதும். மழை நின்ற பின்னரும் மேகமூட்டம் விலகாமல், இரவில் பனி இறங்கி, காலை வெயிலும் தாமதமானால் இலை உலர்வதற்கே வழியில்லை. எனவே, மழைமானி காட்டும் அளவைவிட, இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்பதே இங்கு முக்கியம். காரிப் பருவத்தில் கர்நாடகப் பீடபூமியிலும் வடகிழக்கு மலை மாநிலங்களிலும் இத்தகைய சூழல் எளிதில் அமைந்துவிடுகிறது. பிகாரில் குளிர்காலத்தில் சாகுபடியாகும் பயிரும் இந்நோய்க்குத் தப்புவதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த வட இந்தியச் சமவெளிகளில் மேடிஸ் என்னும் மற்றொரு இலைக்கருகல் நோயே அதிகம் காணப்படுகிறது.

முந்தைய பயிரின் தட்டையில் மறைந்திருக்கும் பகை

அறுவடைக்குப் பின் வயலில் விடப்படும் தட்டையிலும் சருகிலும் பூஞ்சாணம் உயிர்வாழ்கிறது. அடுத்த பருவத்தில் ஈரம் கிடைத்ததும் அதில் உருவாகும் வித்துகள், காற்றிலும் மழைத்துளியின் தெறிப்பிலும் புதிய பயிரின் அடியிலைகளைச் சென்றடைகின்றன. ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் மக்காச்சோளத்தையே பயிரிடுவது நோய்க்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். சோளப் பயிரும் இப்பூஞ்சாணத்துக்கு இடமளிக்கக் கூடியது என்பதால், பயிர்ச் சுழற்சிக்குப் பயறு வகைகளே ஏற்றவை. நெருக்கமாக விதைத்த வயலில் காற்றோட்டம் குறைந்து ஈரம் நீடிக்கும். மாலை நேரத் தெளிப்பு நீர்ப்பாசனத்தின் விளைவும் இதுவே.

தொற்று ஏற்பட்ட ஓரிரு வாரங்களில், இலையின் நீளவாக்கில் சுருட்டு வடிவில் சாம்பல் பச்சை நிறப் புள்ளிகள் தோன்றிப் பின்னர் பழுப்பாகின்றன. சில புள்ளிகள் 15 சென்டிமீட்டர் வரை நீளும். தழைச்சத்துக் குறைபாட்டிலும் அடியிலைகள் காய்வதால், விவசாயிகள் இதனை உரக்குறை எனக் கருதி யூரியா இடுவதுண்டு. ஆனால் தழைச்சத்துக் குறையும்போது இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே ஆங்கில 'வி' எழுத்து வடிவில் மஞ்சள் நிறம் பரவும். தனித்தனிச் சுருட்டுப் புள்ளிகள் அதில் இரா.

இழப்பைத் தீர்மானிக்கும் பருவம்

கதிரில் பட்டிழை வெளிவருவதற்கு முன்பே நோய் மேலிலைகளை எட்டினால் மகசூல் பாதியாகவும் குறையலாம். மணிகளுக்கு மாவுச்சத்தைப் பெருமளவில் அளிப்பவை கதிருக்கு மேலுள்ள இலைகளே. அவை கருகினால் மணி சுருங்குவதுடன் தண்டும் வலுவிழந்து சாய்கிறது. கால்நடைத் தீவனமாகும் தட்டையின் தரமும் கெடுகிறது. பட்டிழை வந்து ஆறு வாரங்களுக்குப் பிறகு நோய் தோன்றினால் பாதிப்பு மிகக் குறைவு.

நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட வீரிய ஒட்டு ரகங்களே முதல் பாதுகாப்பு. எனினும், ஒரே எதிர்ப்பு மரபணுவை மட்டும் நம்பியிருந்த ரகங்களைத் தாக்கும் புதிய பூஞ்சாண இனங்கள் பின்னர் உருவாகியுள்ளன. எனவே ஒரு காலத்தில் தாக்குப்பிடித்த ரகம் என்றென்றும் தாக்குப்பிடிக்கும் எனக் கொள்ள இயலாது. அடியிலைகளில் முதல் புள்ளிகள் தென்பட்டவுடன் லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் மான்கோசெப் கலந்து தெளிப்பதும், தேவைப்பட்டால் 8 முதல் 10 நாள்களில் மீண்டும் தெளிப்பதும் வழக்கமான பரிந்துரை. பயிர் ஆள் உயரத்தைக் கடந்த பின் கைத்தெளிப்பானுடன் வரிசைகளுக்குள் நுழைவதே கடினமாகிவிடும்.