பாஸ்டன் சிம்பொனி அரங்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள இசை அரங்கம். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நிலைக்களம். 1900 அக்டோபர் 15 அன்று திறக்கப்பட்டது. அறிவியல் கணக்கீட்டின் துணையோடு ஒலியமைப்பு வகுக்கப்பட்ட முன்னோடி அரங்கம் இது.

ஒலியியல்: ஹார்வர்டு இயற்பியலாளர் வாலஸ் கிளமென்ட் சபைன், 1895 முதல் விரிவுரைக் கூடமொன்றில் இருக்கை மெத்தைகளை வைத்தும் எடுத்தும் எதிர்முழக்க நேரத்தை அளந்தார். ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரமே அது. அறையின் கனஅளவு கூடினால் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். இதைக் கொண்டே சபைன் இவ்வரங்கின் ஒலியமைப்பைக் கணக்கிட்டார். அவையோர் நிறைந்த இவ்வரங்கில் எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 1.9 வினாடி. பிராம்ஸ் போன்றோரின் சிம்பொனிகளுக்கு இது மிகப் பொருத்தம். குறுகிய நீள்பெட்டி வடிவம் பக்கச்சுவர் எதிரொலிகளை விரைவில் செவிக்குச் சேர்க்கிறது. சுவர் மாடங்களிலுள்ள சிலைகள் ஒலியைச் சிதறச் செய்கின்றன.

வீட்டில் கேட்டல்: வீட்டு அறையில் எதிர்முழக்கம் பெரும்பாலும் அரை வினாடி அளவே. ஆகவே அரங்கின் முழக்கம் ஒலிப்பதிவிலிருந்தே வரவேண்டும். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைவதும், தரைக்கம்பளமும் புத்தக அலமாரியும் அதைத் தெளிவாக்கும்.

வியன்னாவின் மியூசிக்ஃபெரைன், ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபௌ ஆகியவற்றோடு உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக ஒலியியலாளர்கள் பாஸ்டன் அரங்கை மதிக்கின்றனர்.