பொறியியல் பௌதிகவியல்: பெயரை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யலாமா?

முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியாளரின் கையில் இருக்கும் உலோகங்காட்டிக்குள் இயங்குவது, உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். சுருளில் பாயும் மாறும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது மண்ணுக்குள் புதைந்திருக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி ஒலியாகத் தருகிறது. ஒரு பௌதிக விதியை இப்படிப் பயன்படும் கருவியாக மாற்றும் படிப்பே பொறியியல் பௌதிகவியல்.

குவாண்டம் பொறிமுறை, மின்காந்தவியல், திண்மநிலைப் பௌதிகவியல் ஆகியவற்றுடன் இலத்திரனியல், கணினி நிரலாக்கம், அளவீட்டுக் கருவிகள் என்பனவும் இதில் கற்பிக்கப்படுகின்றன.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் பௌதிகவியல் துறை இப்பட்டத்தை வழங்குகிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இதற்கு அடித்தளம். விஞ்ஞான பீடத்தில் அனுமதி கிடைத்தவுடன் இப்பட்டம் உறுதியாகிவிடாது. ஆரம்ப ஆண்டுகளின் பெறுபேறுகளைக் கொண்டே நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு நடைபெறுகிறது. கற்கை மொழி ஆங்கிலம்.

பலர் தவறவிடும் இடம் இதுதான்: பெயரில் 'பொறியியல்' இருந்தாலும் இது விஞ்ஞானமாணிப் பட்டம். பட்டயப் பொறியியலாளராகும் நேரான பாதை, இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்த பொறியியல் பீடப் பட்டமே. அந்நிறுவகம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளிநாடுகளிலும் மதிப்புண்டு. 'பொறியியலாளர்' என்ற தகுதிதான் இலக்கு என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் போன்றவற்றை முதலில் பாருங்கள்.

கனடாவில் நிலைமை வேறு. அங்கு குயின்ஸ், மக்மாஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்களில் இது பொறியியல் பீடத்துப் பட்டமாகவே இருக்கிறது. அங்குள்ள உறவினர் சொல்லும் ஆலோசனையை இங்குள்ள பட்டத்துக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

ஆய்வில் நாட்டமுள்ளவர்களுக்கு இது நல்ல வாசல். சூரியக்கலம், குறைகடத்தி, நனோ தொழில்நுட்பம், லேசர் எனத் துறைகள் பல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும் சூரியக்கல ஆய்வு நடைபெறுகிறது. நான்காம் ஆண்டு ஆய்வுச் செயற்றிட்டம் கலாநிதிப் பட்ட விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கலாநிதி மாணவர்களுக்குக் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணி வழங்கிக் கட்டணத்தையும் ஏற்கின்றன. பணம் இல்லை என்பதற்காக அந்தக் கனவைக் கைவிடத் தேவையில்லை.

வேலை உடனே தேவைப்படும் வீடுகளில் கணக்கு வேறு. உள்நாட்டில் இப்பட்டத்தின் பெயரிலேயே விளம்பரமாகும் பதவிகள் குறைவு. நிரலாக்கம், தரவுப் பகுப்பாய்வு, கருவிப் பராமரிப்பு, கற்பித்தல் ஆகியவையே முதலில் கைகொடுக்கும். மருத்துவப் பௌதிகவியலில் முதுமாணி முடித்தால் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைப் பிரிவுகளுக்கும் செல்லலாம்.

விண்ணப்பிக்க முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பீடம்? அங்கீகரித்திருப்பது யார்? மேற்படிப்பு முடியும்வரை வீடு காத்திருக்குமா? முதல் இரண்டுக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலிலும் துறை அலுவலகத்திலும் விடை கிடைக்கும். மூன்றாவதைப் பெற்றோருடன் இருந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.