பார்க்காமல் வாங்கும் பலகை

அமெரிக்காவில் மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் ஏராளம். வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறு வந்தால் கார் ஷெட்டில் உளியும் இழைப்புளியும். இவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. வால்நட், செர்ரி, மேப்பிள் மாதிரி வன்மரப் பலகைகளை இன்டர்நெட்டில் ஆர்டர் கொடுத்து வரவழைப்பதா, இல்லை பக்கத்தில் இருக்கும் மரக்கடைக்கோ அறுவை மில்லுக்கோ நேரில் போய், புரட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்குவதா?

ஏதோ ஆன்லைன் கடைகள் வந்த பிறகு முளைத்த பிரச்சினை மாதிரி தெரியும். ஆனால் இதற்கு நூற்றிருபது வயசுக்கு மேல் ஆகிறது. கண்ணால் பார்க்காத பலகைக்கு எந்த நம்பிக்கையில் காசு கொடுப்பது என்ற கேள்விக்காக அமெரிக்காவில் சங்கம் வைத்தார்கள், சட்டப் புத்தகம் மாதிரி தடியாக விதிகள் எழுதினார்கள், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு அளவு. நம்ம ஊரில் மரம் கன அடிக் கணக்கு. அங்கே 'போர்டு அடி'. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலம் கனம். அதாவது கன அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கனத்தைச் சொல்வதும் வேறு மாதிரி: ஒரு அங்குலப் பலகையை 'நாலுக்கு நாலு' என்பார்கள், கால் அங்குலங்கள் நான்கு என்ற கணக்கில். இரண்டு அங்குலம் என்றால் 'எட்டுக்கு நாலு'.

19ஆம் நூற்றாண்டில் மர வியாபாரத்தின் தலைநகரம் சிகாகோ. மிச்சிகன் ஏரி வழியாகக் கப்பல் கப்பலாக மரம் வந்து இறங்கியது. 1880களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 200 கோடி போர்டு அடிக்கு மேல்! பெரும்பாலும் வெள்ளைப் பைன், அதாவது மென்மரம். வாங்குகிறவர் துறைமுகத்துக்குப் போவார், கப்பலில் ஏறி அடுக்கைப் பார்ப்பார், அங்கேயே பேரம் பேசி முடிப்பார். சுத்தமான 'லோக்கல்' வியாபாரம்.

ரயில் இதை மாற்றியது. காட்டுக்குப் பக்கத்திலேயே மில். மில்லில் இருந்து நேராக ரயில் பெட்டியில் ஏற்றி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பலாம். தெற்கே டென்னசி, ஆர்கன்சா பக்கத்து ஓக் மரம், மிச்சிகனில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்து மேஜை நாற்காலிக் கம்பெனிகளுக்குப் போனது. இடையில் இருந்த துறைமுகமும் இல்லை, பார்த்து வாங்குவதும் இல்லை. கடிதம் எழுதி, தந்தி அடித்து ஆர்டர்.

இங்கேதான் தகராறு. பைன் மரத்தை வீடு கட்டப் பயன்படுத்துவார்கள். நீளமாக, வலுவாக இருந்தால் போதும். வன்மரம் அப்படி இல்லை. அதைத் துண்டு துண்டாக அறுத்து, கணுவும் வெடிப்பும் இல்லாத பாகத்தை எடுத்துத்தான் நாற்காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு அடிப் பலகை ஒன்றில் உருப்படியாக எவ்வளவு தேறும் என்பதுதான் அதன் விலை. அதை யார் சொல்வது? ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு தரக்கணக்கு வைத்திருந்தது. ஒரு ஊரில் முதல் தரம் என்று ஏற்றிய சரக்கு இன்னொரு ஊரில் இறங்கும்போது இரண்டாம் தரம் ஆகிவிடும். மில்காரர் மட்டமான பலகையை அடுக்கின் நடுவில் வைத்து அனுப்புவார். வாங்குகிறவரும் லேசுப்பட்டவர் இல்லை. சரக்கு வழியில் இருக்கும்போது மார்க்கெட் விலை இறங்கிவிட்டால், 'தரம் சரியில்லை, இவ்வளவு குறைத்தால்தான் எடுப்பேன்' என்பார். ரயில் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக எவனுக்குக் கட்டுப்படியாகும்? மில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு குறைப்பார்.

1898 ஏப்ரலில் சிகாகோவில் தேசிய வன்மரப் பலகைச் சங்கம் தொடங்கப்பட்டது. வேலை ஒன்றுதான்: நாடு முழுக்க ஒரே அளவு, ஒரே தரம், ஒரே பரிசோதனை. இன்றைக்கும் அமெரிக்காவில் வன்மரம் விற்பது அந்தச் சங்கத்தின் விதிப்படிதான். தரம் பார்க்கும் ஆட்களுக்கு என்றே 1948இல் மெம்ஃபிஸ் நகரத்தில் பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார்கள்.

அந்த விதியின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேல் தரத்துக்குப் பெயர் 'எஃப்.ஏ.எஸ்'. முன்னால் தனித்தனியாக இருந்த முதல் தரம், இரண்டாம் தரம் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். பலகை குறைந்தது 6 அங்குல அகலம், 8 அடி நீளம். தரம் பார்ப்பவர் பலகையின் இரண்டு முகத்தில் மோசமான முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் குறையே இல்லாத செவ்வகத் துண்டுகளை மனசுக்குள்ளேயே வெட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் குறைந்தது 4 அங்குலத்துக்கு 5 அடி, அல்லது 3 அங்குலத்துக்கு 7 அடி இருக்க வேண்டும். இப்படி எடுத்தது மொத்தப் பரப்பில் பன்னிரண்டில் பத்துப் பங்கு, அதாவது 83⅓ சதவீதம் தேறினால் எஃப்.ஏ.எஸ். எட்டுப் பங்கு தேறினால் 'நம்பர் ஒன் காமன்'. அதில் துண்டுகள் சிறிதாக இருக்கலாம், 4 அங்குலத்துக்கு 2 அடி போதும். ஆறு பங்கு என்றால் நம்பர் டூ.

8 அங்குல அகலம், 12 அடி நீளப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 96 அலகு (ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி என்பது ஒரு அலகு). இதில் 80 அலகு சுத்தமாகத் தேற வேண்டும், அதையும் இரண்டே துண்டில் எடுக்க வேண்டும். அனுபவப்பட்ட ஆள் சில வினாடிகளில் சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவார்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் அழகைப் பற்றிப் பேச்சே இல்லை. ரேகை எப்படி ஓடுகிறது, பக்கத்துப் பலகையோடு நிறம் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் அடிப்படைத் தரக்கணக்குக்கு அநாவசியம். அது தொழிற்சாலைக்காக எழுதிய கணக்கு. ஆயிரக்கணக்கில் நாற்காலிக் கால் வெட்டுகிறவனுக்கு எத்தனை துண்டு தேறும் என்பதுதான் கேள்வி. அம்மாவுக்கு ஒரே ஒரு பெட்டி செய்து கொடுக்க நினைக்கும் பொழுதுபோக்குக்காரர் கேட்கும் கேள்வி வேறு. பின்னால் வந்த ஆன்லைன் சண்டையின் பாதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தரத்தில் ஒத்துப்போன மில்காரர்கள் அடுத்து விலையில் ஒத்துப்போகப் பார்த்தார்கள். காமர்ஸ் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது. அமெரிக்க வன்மர உற்பத்தியாளர் சங்கம் என்ற இன்னொரு அமைப்பு 'திறந்த போட்டித் திட்டம்' என்று ஒன்று கொண்டுவந்தது. பெயரைப் பாருங்கள், திறந்த போட்டியாம்! அதில் சேர்ந்தவர்கள் 365 பேர், அவர்களிடம் 470 மில்கள். எண்ணிக்கையில் நாட்டிலுள்ள மில்களில் ஐந்து சதவீதம்தான், ஆனால் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொருவரும் அன்றன்றைக்கு யாருக்கு என்ன விலையில் விற்றோம், எவ்வளவு அனுப்பினோம், மாதாமாதம் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு ஸ்டாக் என்று சங்கத்துக்கு எழுதிவிட வேண்டும். சங்கம் அதைத் தொகுத்து எல்லா உறுப்பினருக்கும் அனுப்பும். கூடவே 'அதிகமாக அறுத்துத் தள்ளாதீர்கள்' என்று அறிவுரையும். 1919இல் வன்மர விலை எகிறியது.

1921 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இது ஷெர்மன் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் ஹோம்ஸ், பிராண்டைஸ், மெக்கன்னா மூவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மார்க்கெட் நிலவரம் தெரிந்துகொள்வது எப்படிக் குற்றமாகும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். யோசித்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் படுகிறது. ஆனால் ஒன்று: அந்தத் தகவல் எல்லாம் விற்கிறவர்கள் கைக்குத்தான் போனது. வாங்குகிறவன் இருட்டில்தான் நின்றான்.

இதெல்லாம் ரயில் பெட்டிக் கணக்கில் வாங்குகிறவர்கள் கதை. சின்ன ஆளுக்கு? 1913 ஜனவரி 1 அன்று அமெரிக்கத் தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. முதலில் எடை வரம்பு 11 பவுண்டு. நீளமும் சுற்றளவும் சேர்ந்து 72 அங்குலம். நன்றாகக் காய்ந்த சிவப்பு ஓக் ஒரு போர்டு அடி மூன்றரையில் இருந்து நான்கு பவுண்டு வரும். அதாவது மொத்தமே மூன்று போர்டு அடி, அதுவும் குட்டையான துண்டு! வரம்பைப் பிறகு 50 பவுண்டாக உயர்த்தியதும் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1916இல் யூட்டா மாநிலத்து வெர்னல் என்ற ஊரில் பேங்க் கட்டிடம் கட்ட, செங்கல்லைக் கட்டுக் கட்டாகத் தபாலிலேயே அனுப்பினார்கள். லாரிக் கூலியைவிடத் தபால் மலிவு :-) தபால் துறை அரண்டுபோய், ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று விதி போட்டது.

முழுப் பலகைக்குத் தபால் தோதுப்படாததால், மெல்லிசாகச் சீவிய வெனீரும் குட்டைத் துண்டுகளும்தான் கேட்லாக் வழியாக நிறைய போயின. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் கம்பெனி இதில் பேர்போனது. அந்தக் குடும்பத்து ஆல்பர்ட் கான்ஸ்டன்டைன் 1959இல் மர வகைகளை அடையாளம் காண ஒரு புத்தகமே எழுதினார். மரத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்குகிறவனுக்கு முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில், பார்க்காமல் மரம் வாங்குவது பாவம் என்கிற அளவுக்குப் போனவர் ஜார்ஜ் நகஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், கட்டிடக்கலை படித்தவர். 1930களின் கடைசியில் நம்ம பாண்டிச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். 1942இல், போரின்போது, அமெரிக்க அரசு இவரைக் குடும்பத்தோடு ஐடஹோவில் மினிடோக்கா முகாமில் அடைத்தது. அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் வேலை பழகினார். 1943இல் வெளியே வந்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். மரத்தை எப்படி அறுக்க வேண்டும் என்பதை அவரே பார்த்து முடிவு செய்வார். ஒரே மரத்தின் பலகைகளைப் பிரிக்காமல், வரிசை மாறாமல் அடுக்கிக் காயவைப்பார். ஓரத்து வளைவு, கணு, வெடிப்பு எதையும் ஒளிக்காமல் மேஜையில் அப்படியே வைப்பார். வெடிப்பைப் பட்டாம்பூச்சி வடிவக் கட்டையால் பூட்டுவார். 1898ஆம் வருஷ விதிப்படி பார்த்தால் கழித்துக்கட்ட வேண்டிய பலகைதான் அவர் கையில் பொக்கிஷம்.

நகஷிமா மாதிரி எல்லாராலும் முடியுமா? 1970, 80களில் ஒரு சாதாரண ஆள் வாரக்கடைசியில் மரம் வாங்கப் போனால் பெரிய ஹார்டுவேர் கடைகளில் சிவப்பு ஓக்கும் பாப்லரும் இருக்கும், செர்ரி கேட்டால் கிடைப்பது சந்தேகம். மொத்த வியாபாரிகளோ நாலு பலகை கேட்டு வருகிறவனை மதிக்கமாட்டார்கள். நிலைமை மாற ஒரு காரணம் 1982இல் இண்டியானாவில் தொடங்கிய வுட்-மைசர் கம்பெனி. காரில் இழுத்துப் போகக்கூடிய பேண்ட் சா மில். விவசாயி தன் நிலத்தில் விழுந்த வால்நட் மரத்தைத் தானே அறுத்து வாசலில் வைத்து விற்கலாம் என்றானது. விலை குறைவு, மரம் எங்கே வளர்ந்தது என்றுகூடக் கேட்கலாம். ஆனால் தரச் சீட்டு கிடையாது, சூளையில் காயவைத்ததா என்பதும் அவர் சொல்வதுதான். வெறும் காற்றில் காய்ந்த பலகையில் பொதுவாக 12 முதல் 15 சதவீதம் ஈரம் இருக்கும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 6 முதல் 8 வேண்டும். அவசரப்பட்டு இழைத்துக் கூட்டினால் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் மேஜைப் பலகை சுருங்கிப் பிளக்கும்.

1990களின் கடைசியில் இருந்து இன்டர்நெட் கடைகள் வந்தன. புத்திசாலிகள் தரப் பெயரோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு பலகையையும் போட்டோ எடுத்து, நம்பர் போட்டு, 'நீங்கள் பார்க்கும் இதே பலகைதான் வரும்' என்று விற்றார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை (2001இல் நோபல் பரிசு கிடைத்தது) சொன்ன வியாதிக்கு இது ஒரு மருந்து: விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும், ஆகவே காட்டிவிடு.

ஆனால் போட்டோவால் தீராதது கூலி. யுபிஎஸ் பார்சல் 108 அங்குலம், அதாவது 9 அடிக்கு மேல் எடுக்காது. 48 அங்குலம் தாண்டினாலே கூடுதல் கட்டணம். அதனால் பல ஆன்லைன் கடைகள் பலகையைக் குட்டையாக வெட்டித்தான் அனுப்புகின்றன. நகைப் பெட்டி, கித்தார் செய்பவருக்குக் கவலையில்லை. எட்டடிச் சாப்பாட்டு மேஜை செய்பவர் லாரி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அதற்கு நூறு போர்டு அடியாவது வாங்கினால்தான் கட்டுப்படியாகும். 1913இல் இருந்த கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை.

வெளிநாட்டு மரம் என்றால் ஆன்லைன்தான் வழி, ஆனால் அதிலும் முடிச்சு. 1900ஆம் வருஷத்து லேசி சட்டத்தை 2008இல் திருத்தி, திருட்டு மரத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரி 2 முதல் நம்ம நீலகிரிப் பக்கத்து ஈட்டி உட்பட அந்த இனம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் வந்தது.

லோக்கல் கடையிலும் கண் மட்டும் போதாது. சில இடங்களில் பலகையைச் சூளையில் வைப்பதற்கு முன்னால் இருந்த அளவுக்கே பில் போடுவார்கள். காய்ந்ததும் ஏழெட்டு சதவீதம் சுருங்கியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் காசு. வியாபாரத்தில் இது ஒப்புக்கொண்ட வழக்கம்தான், ஏமாற்று இல்லை, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் இப்போது டேப்பும் கையுமாகப் போகிறார்கள். மற்றொரு கையில் போன். அதில் மூன்று ஆன்லைன் கடைகளின் அன்றைய வால்நட் விலை திறந்திருக்கிறது. 1921இல் மில்காரர்கள் சங்கத்துக்குள் பூட்டி வைத்த பட்டியல் இப்போது வாங்க வந்தவர் கையில். மரக்கடைக்காரரும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'இதில் லாரிக் கூலி சேர்க்கவில்லையே' என்கிறார்.