பிரபுவின் சுற்றுலாவும் மாணவனின் புகையிரதச் சீட்டும்

1764இல் அடம் சிமித் தம் பேராசிரியர் பதவியைத் துறந்து, 17 வயதுப் பிரபு ஒருவருக்கு ஆசானாகப் பிரான்சு சென்றார். வேதனம் ஆண்டுக்கு 300 பவுண். பின்னர் ஆயுள்வரை அதே தொகை ஓய்வூதியம். துலூஸ், ஜெனீவா, பாரிஸ் எனத் தொடர்ந்த இப்பயணம், உயர்குடி இளைஞர் ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களைக் கண்டு கல்வியை நிறைவுசெய்யும் ‘பெருஞ்சுற்றுலா’ மரபைச் சார்ந்தது. விந்தை யாதெனில், 1776இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில் சிமித்தே இவ்வழக்கத்தைக் கடிந்துரைத்தார். சென்றவர் செருக்கு மிகுந்தே திரும்புகின்றனர். பல்கலைக்கழகங்களின் மதிப்பிழப்பே இவ்வழக்கிற்குப் பெருமை தேடித்தந்தது என்பது அவர் முடிபு. (நாமும் சிந்திக்கத்தக்க குற்றச்சாட்டு.)

இரு நூற்றாண்டுகளின் பின், சர்வதேசப் புகையிரத ஒன்றியத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1972இல் ‘இன்ரர்றெயில்’ சீட்டு அறிமுகமாயிற்று. 21 வயதிற்கு மேற்படாத ஐரோப்பிய இளைஞர் 21 நாடுகளில் ஒரு மாதம் பயணஞ் செய்யலாம். சொந்த நாட்டில் மட்டும் அரைக் கட்டணம். தோளில் ஒரு பை, இரவுப் புகையிரதமே விடுதி, விடிந்தால் வெனிஸ்.

மலிவினும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. ஆசான் சுட்டியதையே பிரபு கண்டான். இங்கோ ஆசானின் இடத்தை நண்பர் பிடித்தனர். எந்நகரில் இறங்குவது என்பதே விவாதப் பொருளாயிற்று. அச்சீட்டு பிராங்கோவின் ஸ்பெயினிலும் இராணுவ ஆட்சியிலிருந்த கிரேக்கத்திலும் செல்லுபடியானது. தேவாலயமும் இடிபாடும் தேடிச் சென்றோர் சர்வாதிகாரத்தின் வீதிகளிலும் நடந்தனர். வயதெல்லை 1979இல் 26 ஆக உயர்ந்தது. 1998இல் முற்றாக நீங்கியது. ஐரோப்பியக் குடியுரிமையோ ஐரோப்பாவில் வதிவிடமோ வேண்டும் என்ற நிபந்தனையோ நீங்கவில்லை. நம்மனோர்க்கு உரியது 1959இல் தொடங்கிய யூரெயில் சீட்டே.