குடிமராமத்து

குடிமராமத்து (பெயர்ச்சொல்): ஏரி, குளம், வாய்க்கால்களை அவற்றால் பயன்பெறும் ஊராரே கூடிச் சீர்செய்யும் வழக்கம்.

'குடி' தமிழ்ச்சொல், ஊரில் வாழும் மக்களைக் குறிப்பது. 'மராமத்து' பழுதுபார்த்தல் என்னும் பொருளில் அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது.

முன்பெல்லாம் கோடையில் நீர் வற்றியதும் ஊர் மண்வெட்டியோடு ஏரியில் இறங்கும். வண்டல் அள்ளி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிடுவார்கள். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாகும். 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்துக்குச் சட்ட வலு தந்தது. 2017-இல் தமிழக அரசு இதே பெயரில் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

'குடிமக்கள்', 'குடியரசு' ஆகியவற்றிலும் இதே 'குடி' உண்டு. வாக்களிப்பதோடு குடிமைக் கடமை முடிவதில்லை. பொதுச்சொத்தைப் பேணும் உழைப்பிலும், அதன் பயனிலும் எல்லோருக்கும் சமபங்கு இருப்பதே மக்களாட்சி.